மாமா அளந்த பூ

என் மாமா ஒரு பூவுக்குப் பெயர் வைக்க ஆசைப்பட்டார். செல்லமாகக் கூப்பிடுகிற பெயர் இல்லை. உலகத்திலுள்ள தாவரவியல்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டு, புத்தகத்தில் சாய்ந்த எழுத்தில் அச்சடிக்கிற பெயர். அவர் படித்தது ஐ.டி.ஐ. வேலை பார்த்தது ஓசூரில் மோட்டார் சைக்கிளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில். பூ என்றால் வெள்ளிக்கிழமை வாங்கி வருகிற ஒரு முழம் மல்லி என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு பூவின் பின்னால் அலைந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தேன். எனக்கும் அந்தப் பெயரில் ஒரு சொந்த அக்கறை இருந்தது.

மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் போகிற வழியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அப்பா இந்தப் பக்கம் குழம்பில் உப்பு அதிகம் என்று முனகினால், மாமா அந்தப் பக்கத்திலிருந்து இருமி ஆமோதிப்பார். வீட்டுக்காரர் கன்னடம் பேசுவார். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, பாகலூர்க்காரி. பிறந்த வீட்டில் தெலுங்கு. கடைசி வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எல்லா மொழியிலும் சண்டை நடக்கும், எல்லோருக்கும் எல்லாம் புரியும்.

மாமாவுக்கு எதையும் அளக்காமல் இருக்க முடியாது. கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய வெர்னியர் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தார். இரண்டு தாடைகளுக்கு நடுவில் பொருளைப் பிடித்து, மயிரிழை வரைக்கும் அளவு சொல்கிற எஃகுக் கருவி அது. அவருடைய வேலையில் வரைபடம் என்ன சொல்கிறதோ அதுதான் வேதம். அதில் போட்ட அளவுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் சலுகை உண்டு. அதைத் தாண்டினால் உருப்படிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்குகளை மாமா வெர்னியரில் பிடித்துப் பார்த்து, முழுத் தட்டும் ரிஜெக்ட் என்று சொல்லிவிட்டு, ரிஜெக்ட் ஆன அத்தனையையும் அவரே தின்றார்.

இந்த விளையாட்டெல்லாம் குழந்தை பிறப்பதற்கு முன்பு. மாமாவுக்கும் அத்தைக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறை மாதம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. பெயர் வைக்கிற நாள் வரைக்கும்கூட இல்லை. என்னை யாரும் அழைத்துப் போய்க் காட்டவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, இனி அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பேசாமல் இருந்தால் மறந்துவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொடுத்தால் சாப்பிட்டாள், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பும்போது மாமா தினமும் வாசலில் நின்று என்ன வாங்கி வரட்டும் என்று கேட்பார். ஒன்றும் வேண்டாம் என்பதுதான் பதில். சுவர் மெலிசு, எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

அந்தக் கோடைக்கு முன்பு கெலமங்கலம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் மரங்களை வெட்டினார்கள். ஒரு நாள் மாமா வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனவர், விழுந்து கிடந்த ஒரு பெரிய மாமரத்தின் அருகில் வண்டியை நிறுத்தினார். நிழலுக்காக நின்றாராம். மரமே படுத்துவிட்ட பிறகு நிழல் எங்கிருந்து வரும் என்று அம்மா பிற்பாடு கேட்டாள். எப்படியோ, ஒரு கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த செடி ஒன்று அவர் கண்ணில் பட்டது. உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து தடித்த இலைகள், வெள்ளைக் கயிறு போல வேர்கள். மரம் அறுக்க வந்தவர்களிடம் சொல்லி, அந்தக் கிளைத் துண்டோடு வெட்டி வாங்கிக்கொண்டு, வண்டியின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார்.

அம்மா பார்த்ததும் முகம் சுளித்தாள். புல்லுருவியைக் கொண்டுபோய் யாராவது வீட்டுக்குள் வைப்பார்களா, அதுவும் இந்த வீடு இருக்கிற இருப்பில் என்றாள். இது புல்லுருவி இல்லை, ஆர்க்கிட், பெங்களூரில் கடைகளில் தொட்டியில் வைத்து விற்கிறார்கள் என்று மாமா சொன்னார். அத்தையின் பழைய நூல் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, கிளையோடு சேர்த்துக் கட்டி, துணி துவைக்கிற கல்லுக்கு மேலே இருந்த கம்பியில் தொங்கவிட்டார். அத்தை எழுந்து வந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அவள் வரவில்லை.

சித்திரையில் அது பூத்தது. ஒரு காம்பில் வரிசையாகப் பூக்கள். பழுப்பும் மஞ்சளும் கலந்த இதழ்கள், நடுவில் நாக்கு நீட்டினது போல ஓர் இதழ், அதற்குப் பின்னால் சிறு வால். அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் பார்த்தால் மறுபடியும் பார்க்கத் தோன்றும். மாமா போனில் தேடி, இந்தப் பக்கத்து மரங்களில் வளர்கிற ஆர்க்கிட் ஒன்றைப் பற்றிய விவரத்தைக் கண்டுபிடித்தார். அதைப் படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இலை இவ்வளவு நீளம், இதழ் இவ்வளவு அகலம், வால் இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டரில் அளவு போட்டிருந்தது. இதிலிருந்து இதுவரைக்கும் இருக்கலாம் என்று சலுகையும் கொடுத்திருந்தது. பூவுக்கும் வரைபடம் உண்டு என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததை அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவர்தான் செய்ய முடியும். எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பூவாகக் கிள்ளி, ஒவ்வோர் இதழையும் வெர்னியரில் பிடித்தார். இரும்பு வளையத்தைப் பிடிக்கிற அதே பிடி. தாடை அசையாமல் நிற்கும் வரைக்கும் இறுக்கினால்தான் அளவு சரியாக வரும் என்பது அவருக்குக் கையில் ஊறிய பழக்கம். பூக்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. அவர் அளவைச் சொல்லச் சொல்ல நான் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். கடைசிப் பூவையும் முடித்ததும் மாமா வெர்னியரை மெதுவாகக் கீழே வைத்தார். நாக்கு சின்னது, வால் பெரியது, எல்லாப் பூவிலும் அப்படியே, ஒன்றுகூடச் சலுகைக்குள் இல்லை என்றார். தட்டில் கிடந்தது பழைய சாதத்தில் விழுந்த ஊறுகாய் மாதிரி இருந்தது.

"கண்ணு, அளவு மாறினா அது வேற பார்ட். இது வேற செடி. இதுவரைக்கும் யாருமே பாக்காத செடி" என்றார்.

செடிகளை அடையாளம் சொல்கிற ஒரு வாட்ஸப் குழுவில் படத்தையும் அளவுகளையும் போட்டார். பல பேர் கைகூப்பினார்கள், ஒருவர் மட்டும் கேள்வி கேட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியை அவர். பூவைத் தொட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுதியிருந்தார். தொட வேண்டாம் என்ற செய்தி வந்தபோது தொட்டு முடிந்திருந்தது.

அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அம்மா மோர் கொடுத்தாள். மாமா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு பூவுக்குக் கீழும் எண் போட்ட காகிதம். பேராசிரியை தட்டையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். எதால் அளந்தீர்கள் என்று கேட்டார். மாமா பெருமையாக வெர்னியரை எடுத்துக் காட்டினார். பேராசிரியை சிரிக்கக் கூடாது என்று ரொம்பப் பாடுபட்டார், முடியவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். பூவின் அளவு மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி மாறும், மரத்துக்கு மரம் மாறும், ஒரே காம்பிலேயே மேலே கீழே மாறும். இந்தத் தெருவிலிருக்கிற எல்லோரையும் நிற்கவைத்து அளந்தால் ஒரே உயரமா வரும், நெட்டையாக இருக்கிறவர் வேறு இனமா என்று கேட்டார்.

"எங்க கம்பெனியில அவரை ரிஜெக்ட் பண்ணிடுவோமுங்க" என்றார் மாமா. நகைச்சுவைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு, அதை எழுதியவர் கையில் கிடைத்த செடிகளின் அளவு மட்டும்தான் என்று பேராசிரியை சொன்னார். செடிகள் அதைப் படித்துவிட்டு வளர்வதில்லை. வேறு இனம் என்றால் உறுப்பின் அமைப்பே வேறாக இருக்க வேண்டும், அது ஒரு செடியில் மட்டும் இல்லாமல் பல செடிகளில் அப்படியே இருக்க வேண்டும். மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. சம்பிரதாயத்துக்காகத்தான் பேராசிரியை பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார் என்று நினைக்கிறேன். நசுங்கினவற்றில் கொஞ்சம் உருப்படியாக இருந்த ஒன்றை ஊசியால் விரித்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மோர் டம்ளரில் ஈ உட்கார்ந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நாக்கு இதழின் அடியில் இரண்டு சிறிய கொம்பு மாதிரி மேடுகள் இருக்கின்றன, வாலின் வாயில் மயிர் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் அவர் பார்த்த எதிலும் இப்படி இல்லை என்றார். ஆனால் நசுங்கின பூவை வைத்து எதையும் சொல்ல முடியாது. வெர்னியர் போட்ட மடிப்பையே கொம்பு என்று நினைத்துவிடலாம். அடுத்த வருஷம் பூக்கும், அதுவரைக்கும் காத்திருங்கள் என்றார். மாமா சொன்ன காரணம் தப்பு, ஆனாலும் முடிவு ஒருவேளை சரியாக இருக்கலாம். மாமாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. காரணம் தப்பாக இருந்து முடிவு மட்டும் சரியாக வந்தால் கம்பெனியில் விசாரணை வைப்பார்கள்.

கிளம்புகிற நேரத்தில் மாமா ஒன்று கேட்டார். புதுசு என்றே முடிவானால் பெயர் யார் வைப்பது? எழுதி வெளியிடுகிறவர்கள்தான் வைப்பார்கள், ஆனால் கண்டுபிடித்தவரைக் கேட்டுத்தான் வைப்பார்கள் என்றார் பேராசிரியை. ஊர்ப் பெயர் வைக்கலாம், பூவின் குணத்தை வைத்து வைக்கலாம், ஆள் பெயரும் வைக்கலாம்.

"சின்னக் கொழந்தை பேரு வெக்கலாமுங்களா?"

பேராசிரியை பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்து, ஏன் வைக்கக் கூடாது, தாராளமாக வைக்கலாம் என்றார். என் தலையையும் தடவிக்கொடுத்தார். அன்றைக்கே எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாடப் புத்தகத்தில் என் பெயர் சாய்ந்த எழுத்தில் வரப் போகிறது, நீங்களெல்லாம் அதைப் படித்துப் பரீட்சை எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அதனால் அந்தப் பெயர் வந்தே ஆக வேண்டும் என்பது எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

அதே மாதிரிச் செடி வேறு எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. மாமாவுக்கு விடுமுறை கிடைக்கிற நாட்களில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கெலமங்கலம் சாலையில் மிச்சமிருந்த மரங்களையும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மாந்தோப்புகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார். போன் கேமராவைப் பெரிதாக்கிக் கிளை கிளையாகத் துழாவுவார். ஒரு தோப்புக்காரர் எங்களைச் சாலைக்கு மரம் எண்ணுகிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் தோப்பும் போகிறதா, மரத்துக்கு எப்போது நம்பர் அடிப்பீர்கள் என்று பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கேட்டார். பூ தேடுகிறோம் என்று மாமா சொன்னதை அவர் நம்பவே இல்லை. நாங்கள் போகிற வரைக்கும் கூடவே வந்து, இது என் தாத்தா வைத்த மரம், இது அப்பா வைத்தது என்று காட்டிக்கொண்டு வந்தார். ஆர்க்கிட்டுகள் கிடைத்தன. ஆனால் எல்லாம் ஏற்கனவே பெயருள்ள சாதாரண வகை. மாமாவின் மரம் நின்ற இடத்தில் தார் போட்டுவிட்டார்கள். அப்படியாக, கம்பியில் தொங்குகிற அந்த ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்து மிச்சம்.

அது வாடத் தொடங்கியிருந்தது. காலையும் மாலையும் வேரில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாமாவுக்கு ஷிப்டு, அம்மாவுக்கு ஒழிவில்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. சில நாள் ஒழுங்காகச் செய்தேன். பிறகு ஒரு காலை நான் சொம்போடு போனபோது வேர்கள் ஏற்கனவே நனைந்திருந்தன. மறுநாளும் அப்படித்தான். யார் என்று பார்ப்பதற்காகச் சீக்கிரம் எழுந்து போனேன். அத்தை துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று, கையால் நீரை அள்ளி அள்ளித் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பிறகும் தெளிப்பதை நிறுத்தவில்லை. நானும் வேலை மிச்சம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளைப் படுக்கையில் பார்ப்பது குறைந்தது. மழைக்காலத்தில் வேர்நுனிகள் பச்சையாக நீண்டன. கொத்த வந்த காக்கையை அத்தை தெலுங்கில் திட்டினாள். அவள் குரல் அவ்வளவு உரக்க இருக்கும் என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம். அம்மா அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எனக்கு அம்மா ஏன் நிற்கிறாள் என்று தெரியவில்லை, பால் பொங்கி வழிந்ததுதான் தெரிந்தது. பனிக்காலத்தில் அத்தை செடியைச் சுற்றிக் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டாள். சேலைத்துண்டு இற்றுப்போனபோது வேறு சேலையைக் கிழித்துக் கட்டினாள். செடியிடம் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். தெலுங்கில் பேசுவதால் எனக்குப் பாதிதான் புரியும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்கிற மாதிரியான பேச்சு. ஆனாலும் மாமா வாசலில் நின்று கேட்டால், பதில் பழையபடி ஒன்றும் வேண்டாம்தான்.

மாமா இரவு நேரத்தில் பெயரைப் பற்றிப் பேசுவது சுவர் வழியாகக் கேட்கும். இந்தத் தடவை பூத்துவிட்டால் போதும், பெயர் நிலைத்துவிடும், உலகம் இருக்கிற வரைக்கும் அந்தப் பெயரை யாராலும் அழிக்க முடியாதாம் என்பார். அத்தை பதில் சொல்லி நான் கேட்டதில்லை. என் பெயருக்காக மாமா இவ்வளவு உருகுகிறாரே என்று எனக்கு அவர் மேல் பாசம் பொங்கும்.

மறு வருஷம் மொட்டு விட்டது. அத்தை முதல் வேலையாக வெர்னியரை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். மாமா கேட்டதற்கு, பூ விரிந்து முடிகிற வரைக்கும் அது அங்கேதான் இருக்கும் என்று ஜாடையில் காட்டினாள். பூ விரிந்த செய்தியை மாமா போனில் சொன்னதும் பேராசிரியை விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை அவரிடம் பெரிய பை இருந்தது. அதற்குள் மரச்சட்டம் அடித்த இரண்டு பலகைகள், நடுவில் கட்டுக் கட்டாகப் பழைய செய்தித்தாள், இறுக்கிக் கட்ட வார், சின்ன பாட்டிலில் ஸ்பிரிட்.

கல்லின் மேல் ஏறி நின்று உருப்பெருக்கியால் பார்த்தார். இறங்கி உட்கார்ந்து யோசித்தார். மறுபடி ஏறினார். கொம்புகள் இருக்கின்றன, மடிப்பு இல்லை, எல்லாப் பூவிலும் இருக்கின்றன என்றார். மயிரும் இருக்கிறது. காய்ந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குத் தெரிந்து இதற்குப் பெயர் இல்லை என்றார். மாமா சட்டென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். வலிக்கிற அளவுக்குப் பிடித்தார். நான் வலியைப் பொறுத்துக்கொண்டு எங்கள் வகுப்பில் ஒவ்வொருவர் முகமும் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பேராசிரியை பலகைகளைத் தரையில் விரித்து, செய்தித்தாளை அடுக்க ஆரம்பித்தார். கைகள் வேலை செய்ய, வாய் விளக்கிக்கொண்டிருந்தது. பெயர் என்பது வெறும் காகிதத்தில் எழுதுகிற சமாச்சாரம் இல்லை. ஒரு செடியை வேர், இலை, பூ எல்லாவற்றோடும் அழுத்திக் காயவைத்து, தாளில் தைத்து, உலர் தாவரக் கூடத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெயர் அந்தச் செடிக்குத்தான் சொந்தம். பல தலைமுறை கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய செடியாக இருந்தால் ஒரு கிளையை மட்டும் எடுக்கலாம். இது ஒற்றைத் தண்டு, முழுசாகத்தான் எடுக்க வேண்டும். வேறு செடி கிடைத்திருந்தாலாவது இதை விட்டிருக்கலாம்.

மாமா தலையாட்டிக்கொண்டே கல்லில் ஏறினார். முடிச்சில் கை வைத்தபோது அத்தை வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அதை இப்ப அறுத்துடுவீங்களா?" என்று கேட்டாள். மாமாவிடம் கேட்கவில்லை, பேராசிரியையிடம் கேட்டாள்.

ஆமாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். வேறு வழி இருந்தால் நானே செய்ய மாட்டேன் என்றார்.

மாமா கல்லின் மேலிருந்தபடியே குனிந்து, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலச் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"பேரு வெச்சிடலாம்மா. நாம நெனச்சிருந்த பேரு. எப்பவும் இருக்கும்."

அத்தை செடியைப் பார்த்தாள். ஒரு பூ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. கை மாவைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"பேரு இல்லாட்டி போவுது. இது உசிரோட இருக்கட்டும். எனக்கு இது வேணும்" என்றாள்.

மாமா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அத்தைக்கு என்ன தெரியும், உலகமே ஒப்புக்கொள்கிற பெயரை ஒரு தொங்குகிற செடிக்காக விட்டுவிடுவதா? மாமா அதட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தளர்ந்துபோயிருந்த முடிச்சை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டினார். சரிதானா என்று ஆட்டிப் பார்த்தார். கீழே இறங்கி வந்து, பேராசிரியையின் பலகைகளை அவரே எடுத்து அடுக்கி, வாரைப் போட்டு இழுத்துக் கட்டினார்.

பேராசிரியை நல்ல மனுஷி. வற்புறுத்தவில்லை. நிறையப் படங்கள் எடுத்துக்கொண்டார். தானாக உதிர்ந்து கல்லில் கிடந்த ஒரு பூவை எடுத்துக்கொள்ளலாமா என்று அத்தையிடம் கேட்டு, பாட்டிலில் போட்டுக்கொண்டார். வேறொரு செடி கண்ணில் பட்டால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்றார். வேறொன்று எங்கள் கண்ணில் படவே இல்லை. அது புது இனம்தானா என்பது இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் அது பல கோடைகளில் பூத்தது.

அன்றைக்கு மாமா பேராசிரியையைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வரப் போனார். தோற்றுப்போன மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார், அவரோடு சேர்ந்து அத்தைமேல் கோபப்படலாம் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்தார். லைன் வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தார், வீட்டுக்காரருக்குக்கூடக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு ஒன்றுமில்லை, சும்மாதான் என்று பதில் சொன்னார். கண் சிவந்திருந்தது. வண்டியில் வரும்போது தூசி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அக்கா, வேணும்னு வாயத் தொறந்து கேட்டுட்டா."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு செடியைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்கு இவர்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை. எல்லோரும் சேர்ந்து என் பெயரைத் தொலைத்துவிட்டு இனிப்புத் தின்கிறார்கள் என்றுதான் தோன்றியது. மாமா நீட்டிய ஜாங்கிரியை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பெயரை ஏன் வைக்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்துபோய், இல்லை என்று சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்க கண்ணு" என்றார்.